ஹோம்கமிங்குக்கு ஒரு எதிரணி

ஹார்ட்வெல் கல்லூரியில் ஃபுட்பால் அணி தொடங்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அந்தக் கல்லூரிக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. இத்தனை காலம் இல்லாத அணி இப்போது எதற்கு என்று கேட்டவர்களிடம் நிர்வாகம் ஒளிவுமறைவில்லாமல் காரணத்தைச் சொன்னது. கல்லூரியில் சேரும் பையன்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. ஃபுட்பால் இருந்தால் வருவார்கள். 1997 வசந்தத்தில் அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் முதல் சீசன். மைதானம் இருந்தது. லெனர்ட் என்ற பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். பையன்களும் வந்தார்கள். எதிரே நின்று ஆடத்தான் யாரும் இல்லை.

எதிரணிகளைப் பிடிக்கும் வேலை சண்முகப்ரியாவிடம் வந்தது.

பெருந்துறையில் பிறந்து, ஈரோட்டில் எம்.காம். படித்து, நஞ்சப்பனைக் கல்யாணம் செய்துகொண்டு நியூ ஜெர்சிக்கு வந்தவள். நஞ்சப்பனுக்குப் பிஸ்கட்டவேயில் ஒரு மருந்து கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. வீடு மான்மவுத் ஜங்ஷனில். கிரீன் கார்டு கைக்கு வந்த அந்த மாதமே அவள் ஹார்ட்வெல்லில் வேலைக்கு விண்ணப்பித்தாள். அக்கவுண்ட்ஸ் பிரிவைத்தான் கேட்டாள். விளையாட்டு அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததால் அங்கே உட்காரவைத்தார்கள். பாஸ்கெட்பால், நீச்சல், டென்னிஸ் அணிகளுக்கு எந்த ஊரில், யாருடன், என்றைக்கு ஆட்டம் என்று முடிவுசெய்வதும், பஸ்ஸும் நடுவர்களும் ஏற்பாடு செய்வதும் அவள் வேலை. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஃபுட்பாலை அவள் டிவியில் சேனல் மாற்றும்போது பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"ஃபுட்பால்னு பேரு வெச்சுட்டு கையில தூக்கிட்டு ஓடறானுங்க. இதுக்கு நீ ஆள் புடிக்கோணுமாக்கும்?" என்றான் நஞ்சப்பன்.

"எப்படி ஆடறாங்கன்னு எனக்கெதுக்குங்க? என்னைக்கு, எங்க, யார்கூட. அது மட்டுந்தான் என் வேலை."

அந்த மூன்றும் எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. பாஸ்கெட்பால் ஆட்டத்தைப் பத்து நாளில் முடிவுசெய்துவிடலாம். ஃபுட்பால் அணிகளோ நாலைந்து வருடத்துக்கு முன்பே சனிக்கிழமைகளை நிரப்பி வைத்திருந்தன. இடம் இருந்தவர்களும் தரத் தயாராக இல்லை. பென்சில்வேனியாவில் ஒரு பழைய கல்லூரியின் பயிற்சியாளர் அதை மரியாதையாகவே விளக்கினார்.

"அம்மா, உங்களை ஜெயிச்சா எனக்கு யாரும் கை குடுக்க மாட்டாங்க. தோத்துட்டேன்னா என் வேலை போயிடும். நான் எதுக்கு ஆடணும், சொல்லுங்க?"

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். ஆனாலும் விடாமல் கூப்பிட்டாள். யாருக்கு யாரோடு தகராறு, எந்த அணி தான் ஆடும் போட்டிச் சங்கத்தை விட்டு விலகுகிறது, எந்தக் கல்லூரி ஃபுட்பாலையே மூடப்போகிறது என்பதெல்லாம் போனில் பேசப் பேசத் தானாகக் காதில் விழுந்தது. ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே அங்கே கூப்பிட்டாள். முதலில் மறுத்த பென்சில்வேனியாக்காரரே ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கொடுத்தார். பனிக்காலம் முடிவதற்குள் எட்டு ஆட்டங்கள் சேர்ந்துவிட்டன. அக்டோபர் நடுவில் ஒரு வாரம் மட்டும் காலியாக நின்றது.

அந்த வாரத்துக்கு அவளாக யாரையும் கூப்பிடவில்லை. டெக்சாஸிலிருந்து அவளுக்கே அழைப்பு வந்தது. மெக்கார்ட் கல்லூரியின் விளையாட்டு இயக்குநர், பெயர் வேட் டில்மன். டல்லஸுக்கு மேற்கே ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கும் கல்லூரி. தொண்ணூறு வருடமாக ஃபுட்பால் ஆடுகிறவர்கள். அக்டோபரில் அவர்களோடு ஆட வேண்டிய அணி பின்வாங்கிவிட்டதாம். "எங்க ஹோம்கமிங் நாள். எட்டாயிரம் பேர் வருவாங்க. ஃபிளைட், ஹோட்டல் எல்லாம் எங்க பொறுப்பு. வருவீங்களா?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு இனிப்பு.

டல்லஸ் பக்கம் ஆலனில் அவளுடைய அக்கா சாரதா இருந்தாள். அந்த ஞாபகமும் சேர்ந்துகொள்ள, அவள் சந்தோஷமாகப் பயிற்சியாளர் லெனர்டின் அறைக்குப் போய்ச் செய்தியைச் சொன்னாள்.

லெனர்ட் ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேசாதவர். "ஹோம்கமிங்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"பழைய மாணவர்கள் திரும்பி வர நாள்."

"ஆமா. வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும் தோக்கக் கூடாது. அதனால கண்டிப்பா ஜெயிக்க முடியற டீமாப் பாத்துக் கூப்பிடுவாங்க. நம்ம பசங்க எல்லாம் பதினெட்டு வயசு. அவங்க இருபத்திரண்டு. வேண்டாம்னு சொல்லிடுங்க."

அவள் தன் இடத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தாள். முதலில் ஏமாந்துவிட்டோமே என்று எரிச்சல் வந்தது. பிறகு அது கணக்கு வழக்காக மாறியது. அவர்களுக்கு ஒரு சுலபமான வெற்றி தேவை. நமக்குப் பெயர் உள்ள ஓர் அணி இங்கே வந்து ஆடுவது தேவை. அப்படி ஒரு அணி ஒரு முறை வந்துவிட்டால் மற்றவர்கள் போனை வைக்கும் முன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

டில்மனைக் கூப்பிட்டாள். "வர்றோம். ஆனா அடுத்த வருஷம் நீங்க எங்க ஊருக்கு வரணும். ரெண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம்."

எதிர்முனையில் சிரிப்பு கேட்டது. "நியூ ஜெர்சிக்கா? சரி, வந்தாப் போச்சு."

லெனர்ட் ஒப்பவில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டிய இயக்குநர் பெர்கின்ஸுக்கு டெக்சாஸ் என்ற பெயரே பிடித்திருந்தது. ஆட்டம் உறுதியானது.

அக்டோபரில் அணியோடு அவளும் நியூவர்க்கிலிருந்து விமானம் ஏறினாள். போக வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஆட்டம் முடிந்ததும் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று லீவு போட்டிருந்தாள்.

மெக்கார்ட் மைதானத்தில் பேண்டு வாசித்தது. எண்பது வயதுக் கிழவர்கள்கூட ஊதா நிறத் தொப்பி போட்டு வந்திருந்தார்கள். வெயில் சித்திரை மாதம் மாதிரி அடித்தது. ஆட்டத்தின் சட்டம் அதற்குள் அவளுக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. சட்டம் தெரியாதவர்களுக்கும் அன்றைக்கு நடந்தது புரிந்திருக்கும். இடைவேளைக்குள் ஹார்ட்வெல் பையன்கள் முப்பத்தைந்து புள்ளிகள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். மெக்கார்ட் கூட்டம் முதலில் கத்தியது, பிறகு சாவகாசமாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்தது. அந்தப் பேச்சுச் சத்தம்தான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாவது கால் பகுதியில் மார்கஸ் ஹில் விழுந்தான். ட்ரென்டனிலிருந்து வந்த பையன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவன். பந்து கையை விட்டுப் போன பிறகு இரண்டு பேர் அவன் மேல் வந்து விழுந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள். அவன் எழவில்லை. காரை எலும்பு முறிந்திருந்தது. ஆட்டம் 58–0 என்று முடிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அணிக்கு அன்று மாலையே விமானம். லெனர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். "நீங்க கிளம்புங்க கோச். எனக்கு இங்க அக்கா இருக்கா. நான் கூட இருந்து கூட்டிட்டு வர்றேன்" என்றாள் சண்முகப்ரியா. அவர் அவளைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் மதியம் சாரதா காரை எடுத்துக்கொண்டு வந்து இருவரையும் ஆலனுக்கு அழைத்துப் போனாள். ஆறடிக்கு மேல் உயரமான பையன், இடது தோளோடு சேர்த்துக் கட்டிய கையோடு, சாப்பாட்டு மேஜையில் கூச்சமாக உட்கார்ந்திருந்தான்.

"இவனுக்கு ஒரு கைதான வேலை செய்யுது, தோசையப் பிச்சுத் திங்க முடியுமா? சாதத்துல தயிர் ஊத்திப் பெசஞ்சு ஸ்பூன் போட்டுக் குடுக்கறேன்," என்றாள் சாரதா. உருளைக்கிழங்கு வறுவலை அவன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டான். சாரதா அடுப்பிலிருந்து திரும்பாமலே தங்கையிடம் சொன்னாள்: "ஏன் கண்ணு, ஆபீஸ்ல உக்காந்து ஆட்டம் ஏற்பாடு பண்றேன்னு சொன்னே. இப்படிப் பசங்க எலும்ப ஒடைக்கறதுன்னு சொல்லவே இல்லையே?"

"எனக்கே தெரியாதுக்கா."

அது உண்மையில்லை. லெனர்ட் சொல்லியிருந்தார். அவள் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை.

மார்கஸின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே பேசியாகிவிட்டது. இப்போது மறுபடியும் கூப்பிட்டு, அவன் சாப்பிட்டான், வலி குறைந்திருக்கிறது என்று சொன்னாள். மிசஸ் ஹில் ட்ரென்டனில் பஸ் ஓட்டுகிறவள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவள், கடைசியில், "அந்த ஆட்டத்தை ஏற்பாடு பண்ணினது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு. ஒன்பது வயசு."

"அவளை அந்த மாதிரி இடத்துக்கு அனுப்புவீங்களா?"

சண்முகப்ரியா பதில் தேடினாள். எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று பட்டது. "தெரியலை" என்றாள். மிசஸ் ஹில் மகனிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

அந்த சீசனில் ஹார்ட்வெல் ஒரே ஓர் ஆட்டத்தில் ஜெயித்தது. மார்கஸ் அந்த ஆண்டு மறுபடி ஆடவில்லை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் குளிர்காலப் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றான் என்று லெனர்ட் சொன்னார்.

பிப்ரவரியில் டில்மனிடமிருந்து போன் வந்தது. வருகிற அக்டோபரில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் மெக்கார்டை அழைத்திருக்கிறதாம். விட முடியாத வாய்ப்பாம். "உங்க ஆட்டத்தைத் தள்ளி வெச்சுக்கலாமா? 2003 சரியா இருக்கும்" என்றார். தள்ளிவைப்பது என்றால் என்ன அர்த்தம் என்பது இந்த ஒன்றரை வருடத்தில் அவளுக்கு நன்றாகவே தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

பெர்கின்ஸ் உடனே சரி என்றார். "விட்டுடுங்க ப்ரியா. ஐம்பத்தெட்டு வாங்கினதை அங்க நம்ம ஆளுங்க யாரும் பாக்கலை. இங்க நம்ம ஜனங்க முன்னாடி வாங்கணுமா?"

விட்டுவிடுவது சுலபம். அவளுக்கே அதுதான் நல்லது என்று பாதி மனம் சொன்னது. அன்று மாலை வீட்டில் நஞ்சப்பனிடமும் சொன்னாள்.

"நீ என்ன நெனைக்கறே?"

"மறுபடியும் எவனாச்சும் கையக் கால ஒடச்சுக்கிட்டா? என்னால தாங்க முடியாதுங்க."

"ஆடறது அவனுங்கதான? அவனுங்களக் கேட்டியா?"

கேட்கவில்லை. மறுநாள் மதியம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். லெனர்ட் ஒரு ஓரத்தில் நின்றிருந்தார். மார்கஸ் எடை தூக்கிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் இறக்கி வைத்துவிட்டு வந்தான். அவள் நடந்ததைச் சொல்லி, "உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டாள்.

"நான் அவங்ககூட முழுசா ஒரு ஆட்டம் ஆடலையே மிசஸ் ப்ரியா. பாதியிலதான் தூக்கிட்டுப் போனாங்க," என்றான். "எங்க எல்லாருக்கும் அவங்க வரணும். இங்க, எங்க வீட்டு ஆளுங்க உக்காந்து பாக்கற இடத்துக்கு."

அவள் லெனர்டைப் பார்த்தாள். "போன வருஷம் போக வேண்டாம்னு சொன்னது நான்தான்," என்றார் அவர். "இந்த வருஷம் அவங்க வந்தே ஆகணும்னு சொல்றதும் நான்தான். பசங்களுக்கு இப்ப ஒரு வயசு கூடியிருக்கு."

அறைக்கு வந்ததும் முதலில் அவள் டில்மனைக் கூப்பிடவில்லை. ட்ரென்டனுக்குத்தான் கூப்பிட்டாள்.

"மிசஸ் ஹில், அந்த டெக்சாஸ் டீமை இங்க வரவழைக்கப் பாக்கறேன். மார்கஸ் ஆடுவான். வேற யார் மூலமாவும் உங்களுக்குத் தெரியவேண்டாம்னுதான் கூப்பிட்டேன்."

"என்கிட்ட கேக்கறீங்களா, சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"சரி. சொன்னதுக்கு நன்றி," என்று போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு வேலை தொடங்கியது. அக்டோபர் முடியாது என்றால் எந்தச் சனிக்கிழமை முடியும் என்று டில்மனைக் கேட்டாள். அவர் சுற்றி வளைத்தார். அவள் விடவில்லை, ஒப்பந்தத்தில் இருப்பது அவருடைய கையெழுத்துதான் என்பதைச் சண்டை போடாத குரலில் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். கடைசியில் சீசனின் கடைசி வாரம், நவம்பர் நடுவில், தங்களுக்கு ஆட்டம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த வாரம் ஹார்ட்வெல்லுக்கு பென்சில்வேனியாவில் ஆட்டம் இருந்தது. பென்சில்வேனியாக்காரரைக் கூப்பிட்டாள். அவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு: செப்டம்பர் முதல் வாரமே, கல்லூரி திறக்கும் சூட்டிலேயே, தங்கள் மைதானத்தில் ஆட வேண்டும். அப்படி ஆடினால் லெனர்டுக்குப் பயிற்சியில் ஒரு வாரம் குறையும். அவரிடம் ஓடினாள்.

"எடுத்துக்குங்க," என்றார் லெனர்ட்.

டில்மனுக்கு இனிச் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று. "உங்களை மாதிரி ஒரு ஆள் எங்க ஆபீஸ்ல இருந்திருக்கலாம்" என்றார். அவள் நன்றி சொன்னாள்.

1999 நவம்பரில் மெக்கார்ட் வந்தது. காலையிலிருந்து சன்னமாக மழை. குளிர் எலும்பில் இறங்கியது. டெக்சாஸ் பையன்கள் மைதானத்துக்கு வரும்போதே கைகளை அக்குளில் செருகிக்கொண்டு வந்தார்கள். ஹார்ட்வெல் மைதானத்தில் எட்டாயிரம் பேருக்கு இடம் கிடையாது. இருந்த பலகைகளில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நஞ்சப்பன் மகள் வெண்பாவோடு வந்திருந்தான். மூன்று பேரும் ஒரு குடைக்குள் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, ஆர் வீ கோயிங் டு லூஸ்?" என்றாள் வெண்பா.

"தெரியாது கண்ணு."

ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் டிரைவர் சீருடையில், மேலே ஒரு மழைக்கோட்டோடு, உயரமான பெண் ஒருத்தி படியேறி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்தது. மார்கஸின் முகச்சாயல் அப்படியே. "நீங்கதான் ப்ரியாவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைகளை முழங்காலில் ஊன்றி மைதானத்தையே பார்த்தாள். மகன் பந்தை வாங்கும்போதெல்லாம் அவள் மூச்சு நிற்பதும், அவன் எழுந்து நிற்கும்போது விடுவதும் சண்முகப்ரியாவுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தன் மூச்சும் அதே கணக்கில் போவதை உணர்ந்தாள்.

இடைவேளையில் ஹார்ட்வெல் 10–7 என்று முன்னால் இருந்தது. யாராலும் நம்ப முடியவில்லை. மெக்கார்ட் பயிற்சியாளர் தன் பையன்களைப் பார்த்துக் கத்திய கத்தல் எதிர்ப் பக்கப் பலகைகள் வரை கேட்டது. இரண்டாம் பாதியில் அவர்களுடைய உடம்பு பலம் தெரிய ஆரம்பித்தது. பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் இரண்டு டச்டவுன் அடித்தார்கள். ஹார்ட்வெல் விடவில்லை. மார்கஸை மூன்று முறை சேற்றில் சாய்த்தார்கள். மூன்றாவது முறை அவன் எழ நேரமானது. மிசஸ் ஹில்லின் கை சண்முகப்ரியாவின் முழங்கையைப் பற்றியது. அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அவன் எழுந்து, கட்டு அவிழ்ந்த ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, மறுபடி போய் நின்றான்.

முடிவில் மெக்கார்ட் 21–16 என்று ஜெயித்தது. கடைசி விசில் ஊதியபோது பந்து ஹார்ட்வெல்லின் கையில்தான் இருந்தது; போதிய நேரம்தான் இல்லை. மெக்கார்ட் பையன்கள் ஜெயித்தவர்கள் மாதிரி குதிக்கவில்லை, தப்பித்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவன் தானே நடந்து வந்து மார்கஸின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான்.

டில்மனிடம் அன்றைக்குத்தான் அவள் நேரில் பேசினாள். குட்டையான, நரைத்த மனிதர். காது சிவந்து போய் நடுங்கிக்கொண்டிருந்தார். கை கொடுத்துவிட்டு, "நல்ல டீம். ஒண்ணு சொல்லிடறேன், இனிமே எங்க ஹோம்கமிங்குக்கு உங்களைக் கூப்பிட மாட்டோம்" என்றார்.

அவள் அதை லெனர்டிடம் சொன்னாள். அவர் சத்தம் போட்டுச் சிரிப்பதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையன்கள் இருந்த அறைக்குள் போய்விட்டார்.

காரில் போகும்போது வெண்பா பின் சீட்டில் தூங்கிவிட்டாள். "தோத்ததுக்கு உனக்கு வருத்தமா இல்லியா?" என்று நஞ்சப்பன் கேட்டான்.

"இருக்குதுங்க. நல்லாவே இருக்குது. ஆனா போன வருஷம் இருந்த மாதிரி இல்ல. இது வேற வருத்தம்."

அவன் மேற்கொண்டு கேட்காமல் ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.

டில்மன் சொன்னது மற்றக் கல்லூரிகள் விஷயத்திலும் நடந்தது. சுலபமாக ஜெயிக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிகள் டிசம்பரில் பின்வாங்கின. புதிய அணி என்று மறுத்தவர்கள் ஒரு பக்கம், புதிய அணி இப்படி ஆடுகிறதே என்று மறுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். அடுத்த சீசனில் இரண்டு சனிக்கிழமைகள் காலி. அவள் மறுபடியும் போனை எடுத்தாள். ஓஹையோ, மேரிலாண்ட், வெர்ஜீனியா என்று வரைபடத்தில் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவளுக்கு ட்ரென்டனிலிருந்து போன் வந்தது.

"நான் மார்கஸ் அம்மா பேசறேன். அடுத்த சீசன் எந்தெந்தத் தேதின்னு முடிவாயிடுச்சா? எங்க ஆபீஸ்ல சனிக்கிழமை லீவை இப்பவே எழுதிக் குடுத்தாத்தான் கிடைக்கும்."

"ஏழு ஆட்டம் முடிவாயிருக்கு. ரெண்டு இன்னும் பாத்துட்டிருக்கேன். உங்களுக்கு இங்க நடக்கற ஆட்டம் மட்டும் சொல்லட்டுமா?"

"இல்லை, எல்லாத்தையும் சொல்லுங்க. வெளியூர்ல நடக்கறதையும்."

சண்முகப்ரியா செப்டம்பரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, ஊரும் தேதியும், நிதானமாகப் படித்துச் சொன்னாள்.